மெயில் வருது, போக மாட்டேங்குது: லினக்ஸ் கம்ப்யூட்டரில் வெளியனுப்பும் சர்வரை அமைக்கும் முறை

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கடைக் கணக்கும் கொட்டேஷனும் பார்க்கிறவர்கள் சொல்லும் முதல் புகார் பெரும்பாலும் இதுதான்: "மெயில் வருது, ஆனா போக மாட்டேங்குது." ஆத்தங்குடிக் கல் பட்டறையோ, கானாடுகாத்தானில் வீட்டை விடுதியாக்கியவரோ, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பலகாரம் அனுப்பும் காரைக்குடிக் கடையோ, யாராக இருந்தாலும் விஷயம் ஒன்றே. வருகிற மெயிலுக்கு ஒரு சர்வர், போகிற மெயிலுக்கு வேறொரு சர்வர். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு வாசல் அடுத்த தெருவிலும் இருப்பது போல. முன்வாசல் திறந்திருக்கிறதே என்று பின்வாசலையும் திறந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

வருவதற்கு ஐமேப் என்ற முறை, பெரும்பாலும் போர்ட் (சர்வரின் கதவு எண்) 993. போவதற்கு எஸ்எம்டிபி. ஒரு மெயில் வெளியே போய்ச் சேர மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: யார் பெயரில் சர்வருக்குள் நுழைகிறீர்கள், மெயிலின் அனுப்புநர் இடத்தில் எந்த முகவரி இருக்கிறது, அந்த முகவரியின் டொமைன் (ஆட் குறிக்குப் பின்னால் வரும் பகுதி) இந்த சர்வருக்கு அனுமதி தந்திருக்கிறதா. எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது கடவுச்சொல்லைத்தான். அதை நாலு தடவை மாற்றி, கடைசியில் கணக்கே பூட்டிக்கொள்ளும். பிழைச் செய்தியில் இருக்கும் மூன்று இலக்க எண்ணை முதலில் படித்தால் அவ்வளவு அலைச்சல் இல்லை.

இங்கே சர்வர் பெயர்களையும் கட்டளைகளையும் போனில் சொல்வது போல ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், 'டாட்' என்ற இடத்தில் புள்ளி வைத்துத் தட்டுங்கள். இடைவெளி வேண்டிய இடத்தில் இடைவெளி என்றே சொல்லியிருக்கிறோம்.

தொடங்கும் முன் இரண்டு சின்னச் சோதனை

ஒன்று, கடிகாரம். பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் சர்வரின் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று லினக்ஸ் மறுத்துவிடும், பாதுகாப்பான இணைப்பே உருவாகாது. கடவுச்சொல்வரை பேச்சே போகாது. சிஸ்டம் செட்டிங்ஸில் தேதி-நேரம் பகுதிக்குப் போய் நேரத்தை நெட்டிலிருந்து தானாக எடுக்கும் பொத்தானை ஆன் செய்து, நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

இரண்டு, விசைப்பலகை. தமிழ்99 அமைப்பைக் கூடுதல் கீபோர்டாகச் சேர்த்திருப்பவர்கள், கடவுச்சொல் தட்டும்போது எந்த மொழி ஆனில் இருக்கிறது என்று டாஸ்க்பாரில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள் மட்டும்தான் தெரியும், ஆங்கில 'கே' போனதா தமிழ் எழுத்து போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. வேறு ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் தட்டிப் பார்த்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுவது நிம்மதி. ஒட்டிய பிறகு எடிட்டரைச் சேமிக்காமல் மூடுங்கள்.

எந்த போர்ட், ஏன்

மூன்று எண்கள் உலவுகின்றன: 25, 465, 587. போர்ட் 25 சர்வரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது. வீட்டு இணைப்புகளில் இதைப் பல நெட் நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும். அடைக்காவிட்டாலும் பயனில்லை. வீட்டு ஐபி முகவரிகளிலிருந்து நேரே வரும் மெயிலை வாங்க வேண்டாம் என்று ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு பிபிஎல் என்ற பட்டியல் வைத்திருக்கிறது, பெரிய மெயில் சர்வர்கள் அதைப் பார்க்கும். ஆகவே உங்கள் கம்ப்யூட்டரே நேராக மெயில் அனுப்பட்டும் என்ற யோசனையைக் கைவிடுங்கள். ஒரு வழங்குநர் வழியாக அனுப்புவதுதான் நடக்கிற காரியம்.

வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலிருந்து வழங்குநருக்கு அனுப்ப 587, 465 இரண்டில் ஒன்று. 587-இல் இணைப்பு வெறுமையாகத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற சொல்லுக்குப் பிறகு மறைகுறியாக்கத்துக்கு மாறும். 465-இல் முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ், அதாவது அதே மறைகுறியாக்கம். 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இந்த 465 வழியையே விரும்பத்தக்கதாகச் சொல்கிறது. எதை எடுத்தாலும் சரி, ஜோடி மாறக்கூடாது: 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ். 465-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் போட்டால் இரண்டு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருக்கும். கடைசியில் 'டைம் அவுட்' என்று வரும். அதைப் பார்த்து நெட் கோளாறு என்று ஆள் கூப்பிடுவார்கள்.

போர்ட் உண்மையிலேயே அடைபட்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து அதே மெயிலை அனுப்புங்கள். ஹாட்ஸ்பாட்டில் போய், கடை நெட்டில் போகாவிட்டால் தடை நெட் பக்கம். டெர்மினல் பழகியவர்கள், என்சி, இடைவெளி, ஹைஃபன் விஇஸட், இடைவெளி, சர்வர் பெயர், இடைவெளி, 587 என்று தட்டினால் ஒரே வரியில் விடை வந்துவிடும்.

உங்கள் வழங்குநரின் விவரம்

ஜிமெயில்: எஸ்எம்டிபி டாட் ஜிமெயில் டாட் காம். 465, 587 இரண்டும் உண்டு. சொந்த டொமைனை கூகுள் ஒர்க்ஸ்பேஸில் வைத்திருந்தாலும் சர்வர் இதேதான், பயனர்பெயர் மட்டும் உங்கள் டொமைனின் முழு முகவரி.

அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில்: எஸ்எம்டிபி ஹைஃபன் மெயில் டாட் அவுட்லுக் டாட் காம், 587 மட்டும். 2024 செப்டம்பர் 16 முதல் தனிநபர் கணக்குகளில் வெறும் கடவுச்சொல் செல்லாது, ஓஆத்2 (பிரவுசர் பெட்டியில் நுழைந்து அனுமதி தரும் முறை) கட்டாயம்.

யாஹூ: எஸ்எம்டிபி டாட் மெயில் டாட் யாஹூ டாட் காம், ஆப் பாஸ்வேர்டுடன் (புரோகிராமுக்கென்று தனியாக உருவாக்கும் கடவுச்சொல்).

ஜோஹோ: இதில்தான் குழப்பம் அதிகம். இந்தியாவில் தொடங்கிய கணக்கு டாட் இன் பக்கம் இருக்கும், டாட் காம் அல்ல. தனிநபர் முகவரிக்கு எஸ்எம்டிபி டாட் ஜோஹோ டாட் இன். சொந்த டொமைனில் பணம் கட்டி வைத்திருக்கும் நிறுவனக் கணக்குக்கு எஸ்எம்டிபிப்ரோ டாட் ஜோஹோ டாட் இன். தவறான பக்கத்துக்குப் போனால் சரியான கடவுச்சொல்லுக்கும் 535 என்ற பிழை எண் வரும். சொந்த டொமைனுக்கான இலவசத் திட்டத்தில் ஐமேப் வசதி கிடையாது, பிரவுசரில் பார்ப்பதோடு சரி. அதைத் தெரியாமல் தண்டர்பேர்டு மெயில் புரோகிராமோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஹோஸ்டிங் நிறுவனம் வெப்சைட்டோடு சேர்த்துத் தந்த மெயில் என்றால், சர்வர் பெயர் 'மெயில் டாட் உங்கள் டொமைன்' என்று எழுதியிருப்பார்கள். சில நேரம் சான்றிதழ் அந்தப் பெயரில் இருக்காது, ஹோஸ்டிங்காரரின் சொந்த சர்வர் பெயரில் இருக்கும். அப்போது தண்டர்பேர்டு பாதுகாப்பு விதிவிலக்கு கேட்டு ஒரு பெட்டி காட்டும். கன்ஃபர்ம் அழுத்தாதீர்கள். பெட்டியில் 'வியூ' அழுத்தி, சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அது ஹோஸ்டிங்காரர் தந்த சர்வர் பெயரோடு ஒத்துப்போகிறதா பார்த்து, அதையே சர்வர் பெயராகப் போடுங்கள்.

தண்டர்பேர்டில்

லினக்ஸ் மின்ட்டில் தண்டர்பேர்டு ஏற்கெனவே இருக்கும். கணக்குச் சேர்க்கும்போது அது தானாகவே விவரம் கண்டுபிடித்துத் தந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ஏற்கெனவே இருக்கும் கணக்கைச் சரிசெய்ய, மெனுவில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர்' என்ற வரிக்கு வாருங்கள். ஐமேப் கணக்குகள் மேலே தனித்தனியாக இருக்க, எஸ்எம்டிபி சர்வர்கள் மட்டும் கடைசியில் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். கீழே உருட்டாமல் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

உரிய சர்வரைத் தேர்ந்து எடிட் அழுத்தினால் ஐந்து விஷயம் நிரப்ப வேண்டும்: சர்வர் பெயர், போர்ட், கனெக்‌ஷன் செக்யூரிட்டி, அத்தென்டிகேஷன் மெத்தட், யூசர் நேம். யூசர் நேமில் முழு முகவரியும் வேண்டும், ஆட் குறிக்கு முன்னால் உள்ளதோடு நிறுத்தக்கூடாது. அத்தென்டிகேஷனில் ஜிமெயிலுக்கும் அவுட்லுக்குக்கும் ஓஆத்2, மற்றவற்றுக்கு 'நார்மல் பாஸ்வேர்டு'. அந்தப் பட்டியலில் இருக்கும் 'என்கிரிப்டட் பாஸ்வேர்டு' பெயரைப் பார்த்துப் பாதுகாப்பு அதிகம் என்று எடுக்காதீர்கள். அது வேறொரு பழைய முறை, இங்கே சொன்ன சர்வர்களுக்கு அது தேவையில்லை. டிஎல்எஸ் ஏற்கெனவே முழு இணைப்பையும் மறைக்கிறது, அதனுள்ளே போகும் நார்மல் பாஸ்வேர்டும் மறைந்துதான் போகும்.

ஓஆத்2 தேர்ந்தால், முதல் மெயில் அனுப்பும்போது ஒரு சின்ன பிரவுசர் பெட்டி திறந்து கூகுளில் நுழையச் சொல்லும். அந்தப் பெட்டி வெறுமையாக நின்றாலோ, திரும்பத் திரும்ப நுழையச் சொன்னாலோ, தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் குக்கீஸ் அனுமதி அணைந்திருக்கும். அதை ஆன் செய்யுங்கள். பழைய கடவுச்சொல் முறையிலிருந்து ஓஆத்2-க்கு மாறுகிறவர்கள் அதே பகுதியில் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' திறந்து, எஸ்எம்டிபி என்று தொடங்கும் பழைய வரியை அழித்துவிட்டுத் தொடங்கினால் சிக்கல் குறையும்.

ஒன்றுக்கு மேல் கணக்கு வைத்திருந்தால் இன்னொரு வேலை பாக்கி. ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்திலும் அடியில் எந்த எஸ்எம்டிபி சர்வர் வழியாகப் போக வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது. கடை முகவரியை இரண்டாவதாகச் சேர்த்தவர்களுக்குச் சில நேரம் அது முதல் கணக்கின் ஜிமெயில் சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். மெயில் போகும், ஆனால் கோலாலம்பூர் வாடிக்கையாளருக்குக் கடைப் பெயருக்குப் பதில் உங்கள் சொந்த ஜிமெயில் முகவரி தெரியும். காரணம், அந்தக் கணக்கில் பதிவுசெய்து உறுதிப்படுத்தாத அனுப்புநர் முகவரியை ஜிமெயில் அனுமதிக்காது, நுழைந்த கணக்கின் முகவரியாக மாற்றி எழுதிவிடும். ஜோஹோ மாற்றி எழுதாது, 553 'ரிலேயிங் டிஸ்அலோவ்டு' என்று திருப்பியே அடித்துவிடும். இந்த இரண்டில் ஜோஹோவின் முறையே நல்லது என்பது எங்கள் எண்ணம். தவறு அப்போதே கண்ணில் படும்.

கடையில் பலர் புழங்கும் கம்ப்யூட்டர் என்றால் செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சேவ்டு பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தைத் திறக்கும் எவரும் உங்கள் கடவுச்சொல்லை வாசிக்கலாம்.

ஆப் பாஸ்வேர்டு

ஓஆத்2 தெரியாத புரோகிராம்களுக்காக கூகுள் வைத்திருக்கும் ஏற்பாடு இது. தனிநபர் கணக்குகளில் சாதாரணக் கடவுச்சொல்லை எஸ்எம்டிபிக்கு ஏற்பதை 2022 மே 30 அன்று கூகுள் நிறுத்தியது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் பார்த்து 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்' என்ற பொத்தானைத் தேடினால் கிடைக்காது.

முதலில் கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இருபடிச் சரிபார்ப்பை ஆன் செய்ய வேண்டும். அதன் பிறகு அக்கவுண்ட் பக்கத்தின் தேடலில் 'ஆப் பாஸ்வேர்ட்ஸ்' என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். ஒரு பெயர் கொடுங்கள், 'கடை கம்ப்யூட்டர்' என்பது போல. நந்நான்கு எழுத்தாக நாலு கட்டில் 16 எழுத்து காட்டும். இடையில் உள்ள இடைவெளி கண்ணுக்கு வசதிக்காக மட்டுமே, விட்டுவிட்டுத் தட்டுங்கள். பெட்டியை மூடினால் மறுபடி காட்டாது, ஆனால் இன்னொன்று உருவாக்கிக்கொள்ளத் தடையில்லை. அந்தப் பக்கமே வரவில்லை என்றால், நிறுவனக் கணக்கில் நிர்வாகி தடுத்திருப்பார், அல்லது அட்வான்ஸ்டு புரொடெக்‌ஷன் ஆனில் இருக்கும், அல்லது இருபடிச் சரிபார்ப்புக்கு செக்யூரிட்டி கீ மட்டுமே வைத்திருப்பீர்கள்.

கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால் எல்லா ஆப் பாஸ்வேர்டும் அப்போதே செத்துவிடும். 'நேற்றுவரை போச்சு' என்று வரும் புகார்களில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பிழை எண்கள்

535: பயனர்பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. விசைப்பலகை மொழி, முழு முகவரி, சரியான சர்வர் பக்கம் மூன்றையும் பார்த்த பிறகே கடவுச்சொல்லைத் தொடுங்கள்.

534, கூடவே 5.7.9: கடவுச்சொல் சரி, ஆனால் ஆப் பாஸ்வேர்டு கேட்கிறது.

530, 'ஸ்டார்ட்டிஎல்எஸ் முதலில்' என்ற வாசகம்: கனெக்‌ஷன் செக்யூரிட்டி 'நன்' என்று கிடக்கிறது.

454, 421: பல முறை தவறாக முயன்றிருக்கிறீர்கள், அல்லது சர்வர் இப்போதைக்கு மறுக்கிறது. 4-இல் தொடங்கும் எதுவும் தற்காலிகம், அரை மணி விட்டுப் பாருங்கள். 5-இல் தொடங்குவது எதையாவது மாற்றாமல் தீராது.

552: அளவு மீறியது. 550 5.4.5: அன்றைய ஒதுக்கீடு முடிந்தது. 550 5.7.26: உங்கள் டொமைன் இந்த சர்வருக்கு அனுமதி தரவில்லை. கடைசி மூன்றுக்கும் கீழே தனியாக வருகிறோம்.

எண் எதுவும் இல்லாமல் மெயில் போய்விட்டதாகக் காட்டி, சென்ட் பெட்டியில் இரண்டு பிரதி கிடந்தால் பயப்பட வேண்டாம். ஜிமெயில் தானே ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் பகுதியில் 'பிரதி வை' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

போனது, ஆனால் ஸ்பாமில் விழுகிறது

கடைப் பெயரில் டொமைன் வாங்கியவர்கள் அரைகுறையாக விடுவது இந்த இடம். தண்டர்பேர்டில் எல்லாம் சரியாக இருந்தும், கொட்டேஷன் சிங்கப்பூரில் ஸ்பாம் பெட்டிக்குள் கிடக்கும், இங்கே ஆர்டர் வரவில்லையே என்று காத்திருப்பீர்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு மெயில் அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு அவை இரண்டும், கூடவே டிமார்க்கும் கட்டாயம். நம்ம ஊர்க் கடைக்கு 5000 வராது, இருந்தாலும் மூன்றையும் வைத்துவிடுவது நல்லது. ஒரு தடவை வேலைதான்.

எஸ்பிஎஃப் என்பது டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேடு) ஒரு டிஎக்ஸ்டி வரி: இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல். வழங்குநர் தரும் வரியை அப்படியே ஒட்டுங்கள். முக்கியமான எச்சரிக்கை: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். முன்பு ஹோஸ்டிங்காரர் வைத்த வரி இருக்க, ஜோஹோவுக்காக இன்னொன்று சேர்த்தால் இரண்டுமே செல்லாததாகும். பழைய வரிக்குள்ளேயே புதிய 'இன்க்ளூட்' பகுதியைச் சேர்த்து ஒன்றாக்குங்கள். உள்ளே தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு உண்டு.

டிகிம் என்பது கையொப்பம். வழங்குநரின் நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கி, தரும் பெயரையும் மதிப்பையும் டிஎக்ஸ்டி வரியாகச் சேர்க்க வேண்டும். இங்கே இரண்டு தடுக்கல். சில டிஎன்எஸ் பக்கங்கள் பெயரின் பின்னால் டொமைனைத் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரைத் தட்டினால் டொமைன் இரண்டு தடவை வந்து, சரிபார்ப்பு எத்தனை நாளானாலும் தேறாது. அடுத்தது, 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். ஒரு துண்டுக்கு அதற்கு மேல் ஏற்காத பக்கங்களில் அதை இரண்டு மேற்கோள் துண்டாகப் பிரித்துப் போட வேண்டும், நடுவில் எழுத்து எதுவும் விடுபடாமல்.

இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் வரி டிமார்க். அதை முதலில் 'பி ஈக்வல்ஸ் நன்' என்ற நிலையில் வைத்து, அறிக்கை வரும் முகவரியும் கொடுத்து, சில வாரம் பார்த்த பிறகு கடுமையாக்குங்கள். எடுத்த எடுப்பில் 'ரிஜெக்ட்' வைத்தால், பில்லிங் சாஃப்ட்வேர் வேறு சர்வர் வழியாக உங்கள் பெயரில் அனுப்பும் ரசீதுகள் மறுக்கப்படும்.

எல்லாம் சரியா என்று பார்க்க, வீட்டில் யாருடைய ஜிமெயிலுக்காவது ஒரு மெயில் அனுப்பி, அங்கே மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறங்கள். மேலே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும்.

அளவும் எண்ணிக்கையும்

ஜிமெயிலில் ஒரு மெயிலின் உச்ச அளவு 25 எம்பி. ஆனால் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கின்றன, அதனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும். கைக்கணக்குக்கு 18 எம்பிதான் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த கல் படம் ஒன்று 5 எம்பி என்றால் நாலு படம் சேர்ந்தாலே தாண்டிவிடும். மின்ட்டின் நீமோ ஃபைல் மேனேஜரில் படங்களைத் தேர்ந்து வலச்சொடுக்கினால் 'ரீசைஸ் இமேஜஸ்' இருக்கும். இல்லாவிட்டால் நீமோ-இமேஜ்-கன்வர்ட்டர் என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். அகலம் 1600 பிக்சல் போதும், பூ வடிவமும் ஓரக் கல்லின் கோடும் தெளிவாகவே தெரியும்.

எண்ணிக்கை இன்னும் கவனம். தனிநபர் ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500. கணக்கு பெறுநர்களை வைத்து: 90 பேருக்கு ஒரே மெயில் அனுப்பினாலும் 90 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். படைப்புக்கோ கோயில் காரியத்துக்கோ பங்காளிகள் எல்லாருக்கும் அழைப்பு அனுப்புகிறவர்கள் ஒரே மூச்சில் அனுப்பி, சாயங்காலம் கடை மெயிலும் போகாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். வரம்பு தாண்டினால் 24 மணி நேரம் வரை அனுப்ப முடியாது. இரண்டு மூன்று நாளாகப் பிரித்து அனுப்புங்கள். பெயர்களை 'டூ' வரியில் போடாமல் பிசிசி-யில் போடுங்கள், ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்ப வேண்டுமானால் தண்டர்பேர்டுக்கு 'மெயில் மெர்ஜ்' என்ற ஆட்-ஆன் இருக்கிறது, சிஎஸ்வி பட்டியலிலிருந்து எடுத்து இடைவெளி விட்டு அனுப்பும். அடிக்கடி தேவைப்பட்டால் பிரெவோ போன்ற அனுப்பும் சேவை எடுக்கலாம். அதன் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 300. நுழையக் கணக்கின் கடவுச்சொல் செல்லாது, அவர்கள் தரும் எஸ்எம்டிபி கீ வேண்டும்.

ஸ்கிரிப்ட் தானாக அனுப்ப வேண்டும் என்றால்

இரவு பேக்கப் முடிந்ததும் ஒரு மெயில், ஸ்டாக் குறைந்தால் ஒரு மெயில் என்று கம்ப்யூட்டரே அனுப்புவதற்குத் தண்டர்பேர்டு உதவாது. எளிய வழி எம்எஸ்எம்டிபி என்ற சின்ன புரோகிராம். பழைய கட்டுரைகள் எஸ்எஸ்எம்டிபி என்பதைச் சொல்லும், அது பராமரிப்பில்லாமல் போய்விட்டது, தொடாதீர்கள். எம்எஸ்எம்டிபியையும் எம்எஸ்எம்டிபி-எம்டிஏ என்ற துணைப் பேக்கேஜையும் நிறுவுங்கள். இரண்டாவது இருந்தால்தான் 'சென்ட்மெயில்' என்று அழைக்கும் மற்ற புரோகிராம்களும் இதன் வழியாகப் போகும். நிறுவும்போது ஆப்ஆர்மர் (புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் காவல்) வேண்டுமா என்று கேட்டால், லாக் ஃபைலை வேறிடத்தில் வைக்க நினைப்பவர்கள் வேண்டாம் என்பதே வசதி.

ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கி, எம்எஸ்எம்டிபிஆர்சி என்று ஒரு ஃபைல். ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல், ஒரு இடைவெளி, அதன் மதிப்பு:

அக்கவுண்ட் டீஃபால்ட்
ஹோஸ்ட், சர்வர் பெயர்
போர்ட் 587
டிஎல்எஸ் ஆன்
ஆத் ஆன்
யூசர், முழு முகவரி
ஃப்ரம், அதே முழு முகவரி
பாஸ்வேர்டு, அந்த 16 எழுத்து
லாக்ஃபைல், ஹோம் ஃபோல்டரில் ஒரு பாதை

465 போட்டால் 'டிஎல்எஸ் அண்டர்ஸ்கோர் ஸ்டார்ட்டிஎல்எஸ்' என்ற வரியை 'ஆஃப்' என்று சேர்த்தே ஆக வேண்டும். விட்டால் மேலே சொன்ன அதே காத்திருப்புதான். ஃபைலுக்கு சிஹெச்மாட் 600 கொடுங்கள், அதாவது உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி. மற்றவர் படிக்கக்கூடிய ஃபைலில் கடவுச்சொல் இருந்தால் எம்எஸ்எம்டிபி வேலை செய்யவே மறுக்கும். கடவுச்சொல்லை ஜிபிஜி என்ற மறைகுறியாக்கக் கருவியில் பூட்டி 'பாஸ்வேர்டுஇவால்' வழியாக எடுப்பதும் உண்டு. ஆனால் இரவு 2 மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை ஓட்டும் வசதி) ஓடும்போது பூட்டைத் திறக்க ஆள் இருக்க மாட்டார், ஸ்கிரிப்ட் தோற்றுப்போகும். தானியங்கி வேலைக்குத் தனி ஆப் பாஸ்வேர்டு ஒன்று, 600 ஃபைலில், அவ்வளவே போதும்.

அனுப்பாமலே சோதிக்க, ஹைஃபன் ஹைஃபன் சர்வர்இன்ஃபோ என்ற விருப்பத்தோடு ஓட்டினால் சர்வரின் சான்றிதழும் ஏற்கும் முறைகளும் தெரியும். ஹைஃபன் டி (டெல்லியின் முதலெழுத்து) போட்டால் முழு உரையாடலும் வரும். அதை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், கடவுச்சொல் எளிதில் பிரித்துப் படிக்கும் வடிவில் அதிலேயே இருக்கும்.

தலைப்பைத் தமிழில் வைக்க நினைத்தால் ஷெல்லிலிருந்து நேரே எம்எஸ்எம்டிபிக்குக் கொடுக்காதீர்கள். அது கொடுத்ததை அப்படியே அனுப்பும். தலைப்புக்குரிய குறியாக்கம் இல்லாமல் போனால் பெறுபவருக்குக் குப்பை எழுத்தாகத் தெரியலாம். மட் என்ற டெர்மினல் மெயில் புரோகிராம் வழியாக அனுப்பினால் யுடிஎஃப்-8 தலைப்பை அதுவே சரியாகக் கட்டிக்கொடுக்கும், அடியில் எம்எஸ்எம்டிபி கொண்டுபோகும்.

எம்எஸ்எம்டிபிக்கு வரிசை கிடையாது. அனுப்பும் நொடியில் நெட் இல்லாவிட்டால் பிழை சொல்லிவிட்டு மெயிலைக் கைவிடும். மழைக்காலத்தில் நெட் போய்ப் போய் வரும் இடத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் புரோகிராம் போடுவதே சரி: வரிசையில் வைத்து 5 நாள்வரை திரும்பத் திரும்ப முயலும். மெயின் டாட் சிஎஃப் ஃபைலில் ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, பின்னால் முக்காற்புள்ளியும் 587-உம் சேருங்கள். அடைப்பு இல்லாவிட்டால் அந்தப் பெயரின் எம்எக்ஸ் வரியை (வருகிற மெயிலை வாங்கும் சர்வரைச் சொல்லும் டிஎன்எஸ் வரி) தேடி வேறு எங்கோ போகும். சாஸ்ல் என்ற கடவுச்சொல் நுழைவை 'யெஸ்' ஆக்கி, டிஎல்எஸ் நிலையை 'என்கிரிப்ட்' ஆக்கி, சாஸ்ல்_பாஸ்வேர்டு ஃபைலில் அதே அடைப்பும் அதே போர்ட்டுமாக சர்வரை எழுதி, பக்கத்தில் முகவரியும் கடவுச்சொல்லும். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் பொருந்தாது. பிறகு போஸ்ட்மேப் ஓட்டி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யுங்கள். லாக்கில் 'நோ மெக்கானிசம் அவைலபிள்' வந்தால் லிப்சாஸ்ல்2-மாட்யூல்ஸ் பேக்கேஜ் இல்லை. 553 வந்தால் ரூட் (கம்ப்யூட்டரின் நிர்வாகிக் கணக்கு) பெயரில் மெயில் போகிறது, ஜெனரிக் மேப்பில் (அனுப்புநர் பெயரை மாற்றும் பட்டியல்) ரூட்டை உங்கள் முகவரியாக மாற்றிக் கொடுங்கள்.

சரிசெய்த பிறகு மெயில்க்யூ என்று தட்டி வரிசையைப் பாருங்கள். தேங்கிக் கிடப்பவற்றை போஸ்ட்க்யூ, இடைவெளி, ஹைஃபன் எஃப் உடனே தள்ளிவிடும். சோதனைக்காக அனுப்பிய மெயில்கள் நிறையக் கிடந்தால் தள்ளும் முன் போஸ்ட்சூப்பர், இடைவெளி, ஹைஃபன் டி (இதுவும் டெல்லியின் முதலெழுத்து) என்று வரிசை எண் கொடுத்து அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் வாடிக்கையாளரிடம் போய் நிற்கும். அங்கே 'டி' சிற்றெழுத்தாக இருக்கட்டும். பேரெழுத்து 'டி' இந்தக் கட்டளையில் இல்லை, எல்லாவற்றையும் அழிக்கும் 'ஆல்' என்ற சொல்தான் பேரெழுத்தில் வரும், அதைத் தவறிப்போய்த் தட்டினால் வரிசை முழுதும் காலி.